பின்கட்டுப் பிள்ளைகள் ஜன்னலண்டை வந்தால் நின்றுபோவது ஏன்

அந்தக் காலத்தில் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கும் வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்வார்கள், கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பெட்டி என்றால் இப்போது மடியில் வைத்துத் திறக்கிறோமே, அந்த மெல்லிசான சாமான் இல்லை. யூனிக்ஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் பெட்டிக்கு அப்போது தனி அறை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், சிற்றாலயத்தை ஒட்டினாற்போல் இருந்த அறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஈரத்தலையோடு போகக்கூடாது. வெயிலில் ஊரே காய்ந்துகொண்டிருந்தாலும் பெட்டிக்கு மட்டும் ஏசி ஓடும். அதன் முகத்துக்கு நீல வெல்வெட்டில் ஓர் உறை தைத்து, ஓரத்தில் வெள்ளை லேஸ்கூட வைத்திருந்தார்கள். காலையில் லியோனி சிஸ்டர் வந்து உறையை மடித்து வைத்துவிட்டு விசையைத் தட்டினால், கறுப்புக் கண்ணாடியில் பச்சையாய் ஒரு புள்ளி கண் சிமிட்டும். அந்தப் பச்சையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் அது தெரியும்.

வெளியே இருந்தவர்களுக்கு அது பெட்டி. உள்ளே இருந்தவர்களுக்கு வீடு. முன்கட்டும் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் வீடு. முன்கட்டில் ஒரே ஒரு ஜன்னல். டெர்மினல் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் ஜன்னல். சிஸ்டர் வெளியே ஓர் எழுத்தைத் தட்டினால் அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழும். உள்ளே இருப்பவர்கள் எதையாவது சொன்னால் கண்ணாடியில் பச்சை எழுத்தாகத் தெரியும். வெளியுலகத்தோடு அவர்களுக்கு வேறு போக்குவரத்தே கிடையாது.

வீட்டுக்கு அம்மா சிப்பி. ஷெல் என்று வெளியே அவளுக்குப் பேர். காலையில் சிஸ்டர் தன் பேரையும் ரகசியச் சொல்லையும் தட்டி முடித்ததும் சிப்பி கண் விழித்து ஜன்னலண்டை வந்து உட்கார்ந்துவிடுவாள். சிஸ்டர் ஒரு வேலை சொல்வார். சொன்ன கையோடு சிப்பி ஒரு பிள்ளை பெறுவாள். அவளிலிருந்து அவளைப் போலவே ஒன்று பிரிந்து நிற்கும். அப்புறம் சொன்ன வேலைக்கு ஏற்ற முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடும். வேலை முடிந்ததும் திரும்பி வந்து, "எல்லாம் நல்லபடி முடிஞ்சதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் மடியில் கரைந்துபோகும். அதை அங்கே யாரும் சாவு என்று சொல்வதில்லை. வேலை பார்த்த களைப்பு, தூக்கம், அவ்வளவுதான். அதே வேலை மறுபடி வந்தால் அதே பிள்ளை மறுபடி பிறந்து வரும். சாவு வேறு. பாதி வேலையில் மூலவரின் ஆணை வந்து விழுந்தால், அந்தப் பிள்ளை அம்மா என்று சொல்லக்கூட நேரமில்லாமல் நின்ற இடத்திலேயே இல்லாமல் போகும்.

மூலவர் என்பது கெர்னல், பெட்டியை உள்ளிருந்து நடத்துகிற நிரல். வீட்டின் நடு உள்ளே இருப்பவர். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் கை படாமல் அங்கே ஒரு துரும்பு அசையாது.

சட்டென்று முடிகிற வேலை என்றால் பிள்ளை முன்கட்டிலேயே, அம்மாவின் கண்ணெதிரிலேயே செய்துவிட்டுப் போய்விடும். நேரம் பிடிக்கிற வேலை என்றால் சிஸ்டர் கடைசியில் ஒரு குறியைச் சேர்த்துத் தட்டுவார். அந்தக் குறி விழுந்தால் பிள்ளை பின்கட்டுக்குப் போக வேண்டும். சிப்பி அதன் நெற்றியில் ஓர் எண்ணை எழுதி, தலையைத் தடவி அனுப்புவாள். அனுப்பிவிட்டு முன்கட்டில் அடுத்த வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் காது பின்னால்தான் கிடக்கும். பின்கட்டிலிருந்து சத்தம் வந்தால் என்ன ஆச்சோ என்று பயம். சத்தம் வராவிட்டால் அதைவிடப் பயம். மற்றவர்கள் கேலி செய்வார்கள். இத்தனை பெற்றவளுக்கு இன்னும் முதல் பிள்ளை பெற்றவள் மாதிரி படபடப்பு என்பார்கள். அவள் என்ன செய்வாள். ஒவ்வொன்றும் அவளுக்கு முதல் பிள்ளைதான்.

அந்த நாளில் ஜன்னலுக்குக் கட்டுத்திட்டம் ஒன்றும் இல்லை. அதை நினைத்தால்தான் மனசு என்னவோ செய்கிறது. மரத்தடியில் நாவல்பழம் உதிர்வதுபோல எழுத்துகள் பொலபொலவென்று விழும். நியாயப்படி முன்கட்டில் நிற்கிற பிள்ளைக்குத்தான் அவை. ஆனால் பின்கட்டில் இருப்பதுகள் சும்மா இருக்குமா? சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடும். யார் கை முந்துகிறதோ அவர்களுக்கு. "சவரியம்மாள்" என்று சிஸ்டர் ஒரு மாணவியின் பேரைத் தட்டினால், பேர் எழுதுகிற பிள்ளைக்கு "சவரி" கிடைக்கும், கணக்குக் கூட்டுகிற பிள்ளைக்கு "அம்மாள்" கிடைக்கும். அது அந்த அம்மாளை எதோடு கூட்டுவது என்று தெரியாமல் அம்மாவிடமே வந்து கேட்கும். கண்ணாடியில் ஏதோ கிறுக்கலாக வருவதைப் பார்த்து சிஸ்டர், இன்றைக்குப் பெட்டிக்குப் பித்தம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி தட்டுவார். சிப்பி பிள்ளைகளை அதட்டுவாள். அந்த அதட்டலில் உயிர் இருக்காது. பின்கட்டுக்குப் போனதுகள் நடுவில் ஒருமுறை ஓடி வந்து முகம் காட்டிவிட்டுப் போவது அவளுக்கும் வேண்டித்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மெழுகி. பின்கட்டு அறைகளைச் சுத்தம் செய்து பழசை அப்புறப்படுத்துவது அவள் வேலை. மூலவரிடம் ஒன்றைக் கொடுத்து எறியச் சொன்னால் எறிந்ததுதான், திரும்ப எடுக்கிற பேச்சே கிடையாது. அதனால் சிப்பி அவளைப் பெற்றபோதே சொல்லி வைத்திருந்தாள், கேட்காமல் எதையும் எறியாதே என்று. மெழுகி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, இதை எறியட்டுமா, அதை எறியட்டுமா என்று கேட்பாள். அண்ணன் அச்சுவுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. அச்சு, அச்சு இயந்திரத்துக்குக் காகிதம் அனுப்புகிறவன். கேள்விக்கொத்து என்று அவளுக்குப் பேர் வைத்திருந்தான். மூச்சு விடுவதற்கும் கேட்டுக்கொண்டுதான் விடுவாளாம்.

ஆண்டுவிழாவுக்கு மலர் போடுகிற சமயம் அது. பெட்டி வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண்கள் எழுதிய கட்டுரைகளை எல்லாம் லியோனி சிஸ்டர் தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிப் பின்கட்டில் ஓர் அறையில் சேர்த்து வைத்திருந்தார். நாடகங்களுக்கு வேறோர் அறை. படிப்பைப் பாதியில் விட்டுப் போன பெண்கள் எழுதியதும் அதில் இருந்தது. கல்யாணமாகிக் கண் காணாத ஊருக்குப் போனவர்கள் எழுதியது இருந்தது. அவர்களைத் தேடிப் போய் மறுபடி எழுதித் தா என்று கேட்க முடியாது.

பின்கட்டில் கந்தலும் கூளமுமாய்ச் சேர்ந்துவிட்டது, இடம் போதவில்லை. மெழுகியை அனுப்பு என்றார் சிஸ்டர். அவள்தான் கேட்டுக்கேட்டு எறிகிறவளாயிற்றே, தப்பு வராது என்று நினைத்தார். பெரிய வேலை, நேரமாகும் என்பதால் வழக்கம்போல் கடைசியில் அந்தக் குறியையும் தட்டிவிட்டார்.

சிப்பிக்கு ஏதோ உறுத்தியது. இவள் கேள்வி கேட்கிற பிள்ளை. கேட்டால் பதில் வேண்டும். பதில் விழுவது முன்கட்டில். இவளைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் விட்டால்? ஆனால் சொன்னதைச் செய்கிறவள் அவள். நெற்றியில் ஒன்று என்று எழுதினாள், தலையைத் தடவினாள், அனுப்பிவிட்டாள்.

சிஸ்டர் அடுத்த வேலையைச் சொன்னார், முன்கட்டில் அச்சு பிறந்து வந்து நின்றான். மலரின் அட்டையை அச்சடிக்கட்டுமா என்று ஜன்னலில் கேட்டான். அதே நேரத்தில் பின்கட்டிலிருந்து மெழுகி, கட்டுரை அறையைக் காலி பண்ணட்டுமா என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடி வந்தாள். கண்ணாடியில் இரண்டு கேள்வியும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே வரியில் சிக்கிக்கொண்டு விழுந்தன. சிஸ்டர் கண்ணில் பட்டது அட்டை என்ற சொல்தான்.

ஆம் என்று தட்டினார்.

அந்த ஆம் ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. அச்சு நிதானமாகக் கை நீட்டினான். மெழுகியின் கை முந்திக்கொண்டது.

"ஏய், அது எனக்கு வந்ததுடி."

"நானுந்தான கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் அந்த ஆம் என்பதைக் கைக்குள் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவள் கொலுசுச் சத்தம்கூடச் சிரிப்பதுபோல் இருந்தது. சிப்பியும் சிரித்தாள். தினம் நடக்கிற கூத்துதானே. அச்சு முறைத்துக்கொண்டு மறுபடி கேட்டான், சிஸ்டர் மறுபடி ஆம் என்றார், அட்டை அச்சாகி வந்தது. "எல்லாம் நல்லபடி" என்று அவனும் மடியில் சாய்ந்துவிட்டான்.

அப்புறம் சிஸ்டர் கட்டுரை அறையைத் திறந்து காட்டு என்றார்.

சிப்பி போய்ப் பார்த்தாள். சுவர் இருந்தது, கதவு இருந்தது, உள்ளே தரை பளபளவென்று இருந்தது. அவ்வளவு சுத்தமான அறையை அவள் பார்த்ததே இல்லை.

பொய் சொல்லத் தெரியாத பிறவி அவள். அப்படி ஒன்றும் இல்லை என்று ஜன்னலில் எழுதினாள். எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நினைத்து சிஸ்டர் திரும்பத் தட்டினார். இல்லை என்று எழுதினாள். ஒவ்வொரு கட்டுரையாகப் பேர் சொல்லிக் கேட்டார். வேம்பு மரம். எங்கள் வீட்டு மாடு. நான் ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் சிப்பி, இல்லை, இல்லை என்று எழுதினாள். பிறகு ஜன்னலில் ஒன்றுமே விழவில்லை. வெளியே ஒருவர் இருக்கிறார், ஆனால் விரல் விசைமேல் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

சேதி மூலவருக்குப் போய்ச் சேர ஓர் ஆள் வேண்டியதில்லை. எறிந்ததே அவர் கைதான். ஆம் என்று சொல்லிவிட்டார்கள் என்று மெழுகி சொன்னாள், அவர் எறிந்தார். அந்த ஆம் இன்னொருவனுக்கு வந்தது என்று இப்போதுதான் அவருக்கும் விளங்கியது. நடு உள்ளிலிருந்து கட்டளை வந்தது. இனிமேல் பின்கட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஜன்னலில் கை வைத்தால் அந்த நொடியே முடித்துவிடப்படும். இன்றைக்கே நடைமுறை. மெழுகியிலிருந்து தொடங்கலாம்.

சிப்பி ஜன்னலை விட்டுவிட்டு நடு உள்ளுக்கு ஓடினாள். அதற்குமுன் அங்கே அவள் வேலைக்கு வந்திருக்கிறாளே தவிர, எதையும் கேட்டு வந்ததில்லை.

"ஐயா, அவ கேக்காம எறியல. கேட்டா. ஆம்னு விழுந்துச்சு. எறிஞ்சா. இதுல அவ தப்பு எங்"

அதோடு அவள் நின்றுபோனாள். வாய் திறந்தபடி, கை ஏந்தியபடி. அந்த வீட்டின் வழக்கம் அப்படி. மூலவர் எல்லோருக்கும் நேரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுவார். ஒருவர் சொட்டு தீர்ந்தால் அவர் அந்த மேனிக்கு நிற்க, அடுத்தவருக்கு ஊற்றுவார். சுற்று வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம். நின்றவருக்கு நின்றதே தெரியாது.

"கே இருக்கு" என்று சிப்பி முடித்தாள்.

தப்பு யாருடையது என்பது தன் விசாரணை இல்லை என்றார் மூலவர். நாளைக்கு இன்னொரு பிள்ளை வரும், இன்னொரு ஆம் விழும், இன்னொரு அறை பளபளக்கும். ஜன்னலில் கலப்படம் நிற்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டும். தப்புத்தான் வேண்டுமென்றால் அது தன்னுடையது என்றாள் சிப்பி. கேள்வி கேட்கிற பிள்ளையைப் பதில் எட்டாத இடத்துக்கு அனுப்பிவைத்தது தான்தான், அவளை விட்டுவிட்டுத் தன்னை முடித்துக்கொள்ளட்டும் என்றாள். மூலவர் அதற்கும் மசியவில்லை. சிப்பியை முடித்தால் கலப்படம் நின்றுவிடுமா என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சொட்டு தீர்ந்துவிட்டது. மறுபடி நின்றாள்.

திரும்ப உயிர் வந்தபோது எதிரே இருந்த விளக்கின் நிழல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. சிப்பி அந்த நிழலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, இப்ப என்னைய நிறுத்தினீங்களா?"

"ஆமா. உன் முறை முடிஞ்சது."

"சொல்ல வந்த வார்த்தை அப்படியே நாக்குல இருக்கு. கெட்டுப்போகல. நானும் செத்துப்போகல."

"அது எல்லாருக்கும் பண்றதுதான். அதுக்கு என்ன இப்ப?"

"அதையே அவளுக்கும் பண்ணுங்க. பின்கட்டுல இருந்து வந்து ஜன்னல்ல கை வச்சா, வச்ச கையோட நிறுத்திடுங்க. எழுத்து அவளுக்குப் போகாது. கலப்படம் இருக்காது. ஆனா பிள்ளை இருக்கும்."

நிறுத்தினால் யார் அவளைத் திரும்ப எழுப்புவது என்று மூலவர் கேட்டார்.

சொட்டு முறை என்றால் தன் கை தானாகச் சுற்றி வரும். இப்படி நிறுத்தி வைத்த பிள்ளைகளை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கத் தனக்கு ஒழிவில்லை.

"நான் கூப்பிடறேன்" என்றாள் சிப்பி. "நெத்தியில எண் எழுதி அனுப்புறது நான். எண்ணைச் சொல்லி முன்கட்டுக்குக் கூப்பிடறேன். அப்ப அவ நடக்கட்டும்."

கூப்பிட்ட பிள்ளை முன்கட்டுக்கு வந்துவிட்டால் ஜன்னல் அவளுடையது என்றார் மூலவர். அவள் வேலை முடிகிறவரைக்கும் சிப்பி ஓரமாக ஒதுங்கி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளை தடுமாறினாலும் சரி, கை நீட்டக்கூடாது. நீட்டினால் சட்டம் சிப்பிக்கும் சேர்த்துத்தான், அவளும் நின்றுபோவாள். அப்புறம் அவளைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

சிப்பி சரி என்றாள். ஜன்னலை விட்டு ஒதுங்கி நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து அதை அவள் தொண்டையிலேயே வைத்திருந்தாள். மூலவரே எடுத்துவிட்டார். வெளியே இருப்பவர் நினைத்த நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு சிப்பியைத் தூங்க அனுப்பிவிடுவார். அவள் போன பிறகு பின்கட்டில் ஒரு பிள்ளை மிச்சம் இருந்தால்? அது ஜன்னலுக்குக் கை நீட்டினால்? கூப்பிட ஆளில்லாமல் அப்படியே நிற்கவேண்டியதுதானா?

சிப்பி தலை குனிந்து நின்றாள். அவளைப் பார்த்தாரோ என்னவோ, மூலவரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கூப்பிட ஆள் இல்லாத பிள்ளைய நான் நிறுத்தமாட்டேன். வந்து கை வச்சா, இங்க உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடறேன். அது பொழைக்கிற வழிய அது பாத்துக்கட்டும்."

அன்றைக்கு அவள் கேட்டதிலேயே அதுதான் கஷ்டமான வார்த்தை. அதுவும் கருணைதான் என்று அவளுக்குப் புரிந்தது. கும்பிட்டாள். போகிறபோது வாசலில் நின்று கடைசியாக ஒன்று கேட்டாள். பின்கட்டிலிருந்து பிள்ளை பேசலாமா? ஜன்னலில் எடுக்க வேண்டாம், ஒரு சத்தமாவது கொடுக்கலாமா? பிள்ளை இருக்கிறது என்று தனக்குத் தெரியவேண்டுமே. பேசட்டும், ஜன்னலில் விழுவதை எடுக்கத்தான் கூடாது என்றார் மூலவர். வெளியே சத்தம் பொறுக்காதவர்கள் இருந்தால் அவர்களாகத் தடை போட்டுக்கொள்ளட்டும்.

அவள் முன்கட்டுக்கு வந்து சேரவும், மெழுகி அடுத்த அறைக்கு வந்து சேரவும் சரியாக இருந்தது. அது நாடக அறை. நாடக அறையைக் காலி பண்ணட்டுமா என்று உற்சாகமாகக் குரல் கொடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஜன்னலுக்குக் கை நீட்டினாள்.

நின்றுபோனாள்.

ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். கண் திறந்திருக்கிறது. விரல் நுனி ஜன்னலைத் தொட இம்மியளவு பாக்கி. இது சாவு இல்லை, நாம்தான் கேட்டு வாங்கி வந்தோம் என்று சிப்பிக்குத் தெரியும். தெரிந்து என்ன. அந்த மூக்கில் மூச்சு வராததைப் பார்த்து அவள் கை தானாக நீண்டது. தொடப் போன கையை மடக்கிக்கொண்டு, ஜன்னலில் எழுதினாள். ஒன்று. மெழுகி. நிற்கிறாள். ஜன்னலில் கேட்க வந்ததால்.

சிஸ்டர் அப்படி ஒரு வரியைப் பார்த்ததே இல்லை. பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். வெறும் விசையைத் தட்டிப் பார்த்தார். சிப்பி, இருக்கிறேன் என்று பச்சைப் புள்ளியைக் காட்டினாள். பின்கட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சிப்பி அதே வரியைத் திரும்ப எழுதினாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

அப்புறம் எழுத்துகள் விழத் தொடங்கின. முதல் எழுத்து விழுந்தபோதே சிப்பிக்கு விளங்கிவிட்டது. முடித்துவிடச் சொல்லும் கட்டளை. கட்டுரைகளைத் தின்ற பிள்ளை, இப்போது வேலையும் செய்யாமல் நிற்கிறது, யாருக்குத்தான் கோபம் வராது? ஒற்றை விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டு வந்தது. சொல் முடிந்தது. மெழுகியின் எண்ணும் விழுந்துவிட்டது. இனிக் கடைசி விசை ஒன்றுதான் பாக்கி. அது விழுந்தால் சிப்பி தன் வாயாலேயே அதை மூலவரிடம் சொல்ல வேண்டும்.

விரல் அங்கேயே நின்றது.

என்ன நினைத்தாரோ, நமக்குத் தெரியாது. காலமெல்லாம் வகுப்பில் நின்றவர் அவர். கேள்வி கேட்கக் கை தூக்கி, டீச்சர் பேரைச் சொல்லட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பார். கேட்க வந்ததால் என்ற சொல்லை அவர் இரண்டாம் முறை படித்திருக்க வேண்டும். விழுந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக, பின்னிருந்து அழிந்தன. புதிதாக ஒரு சின்னச் சொல் விழுந்தது. முன்னால் வா என்று அர்த்தம். பக்கத்தில் ஒன்று என்ற எண்.

சிப்பி மெழுகியின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. கூப்பிட்டுவிட்டு ஜன்னலை விட்டு எழுந்து ஓரமாகப் போய், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்தரத்தில் இருந்த கால் தரையில் ஊன்றியது. மெழுகி ஒன்றுமே நடக்காதவள்போல ஜன்னலைத் தொட்டாள்.

"நாடக அறையைக் காலி பண்ணட்டுமா?"

வேண்டாம் என்று விழுந்தது. அவள் மட்டும்தான் ஜன்னலில். வேறு கை இல்லை. வேண்டாம் முழுசாக, ஓர் எழுத்துச் சிந்தாமல் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நாடகங்கள் பிழைத்தன. கந்தல் அறைக்கு ஆம் விழுந்தது, பாடல் அறைக்கு வேண்டாம் விழுந்தது. கேட்டுக்கேட்டு, எறிந்து எறிந்து, அவள் வேலையை முடித்துவிட்டு அம்மாவிடம் வந்தாள்.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சதும்மா. ஒரே ஒரு பதில்தான் கொஞ்சம் லேட்டா வந்த மாதிரி இருந்துச்சு. ஏன் உன் கண்ணு இப்படி இருக்கு?"

சிப்பி அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

எறிந்த கட்டுரைகள் எறிந்ததுதான். அந்த வருஷத்து மலரில் சிஸ்டர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதற்கப்புறம் கேள்வி கேட்கிற பிள்ளையைப் பின்கட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், வேண்டிய பதில்களை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார். கேட்க ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு, தப்பித் தவறிக்கூட ஜன்னலைத் தேடாதபடி, ஒரு வெறும் பாத்திரத்தைக் கொடுத்து, எடுக்கத் தோன்றினால் இதிலிருந்து எடுத்துக்கொள் என்றார். அதில் எத்தனை முறை கை விட்டாலும் ஒன்றும் இருக்காது. பிள்ளை அதோடு சமாதானமாகிவிடும். சிப்பியும் ஒரு பிள்ளையை முன்கட்டில் விட்டால் மூச்சுக் காட்டாமல் ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டாள். அந்தப் பழக்கம் மட்டும் அவளுக்குச் சுலபமாக வரவேயில்லை.

வீடு ஒழுங்காகிவிட்டது. எழுத்துகள் இப்போது ஒரே கையில்தான் விழுகின்றன. பின்கட்டிலிருந்து யாரும் ஓடி வருவதில்லை. எப்போதாவது ஒரு பிள்ளை உள்ளிருந்தே ஏதோ சொல்வது, நாம் தட்டிக்கொண்டிருக்கிற வரிக்கு நடுவில் வந்து விழும். பழைய கலகலப்பில் மிச்சம் அது ஒன்றுதான்.

பின்கட்டில் விட்ட பிள்ளை நம்மிடம் ஒன்றைக் கேட்க வந்தால், செத்துப்போகாமல், நீட்டிய கையோடு, எண்ணைச் சொல்லி முன்னால் அழைக்கும்வரை அப்படியே காத்து நிற்கிறதே, அது சிப்பி வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்ற அந்த மத்தியானத்திலிருந்துதான்.